பேரில் இருக்கும் போன்

"போன் என் பேர்லதான் தம்பி இருக்கு. கையிலதான் இல்ல." மீன் விற்கும் அந்த அம்மா இப்படிச் சொன்னபோது, கைபேசி உண்டா என்ற கேள்விக்கு டேப்லெட்டில் "ஆம்" என்று பதிவு செய்யச் சொன்னவன் நான். மீனவக் குடும்பங்களின் வருமானத்தைக் கைபேசி எப்படி மாற்றியது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்த குழுவின் மேற்பார்வையாளன். நாகைக் கடற்கரையில் அந்தக் காலை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் சொன்னது சரியா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை.

வினாத்தாளில் எழுதியிருந்ததன்படி பார்த்தால் பதில் "இல்லை"தான். "தாமே வைத்துப் பயன்படுத்தும் கைபேசி" என்றுதான் களக் கையேடு வரையறுத்திருந்தது. சிம் அவருடைய ஆதாரில் வாங்கியது, மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதும் அவர் பணத்தில்தான். ஆனால் விடியுமுன் மகன் அதைப் படகில் எடுத்துச் சென்றுவிடுவார், கரை திரும்பும்வரை அது கடலில்தான் இருக்கும். கேள்வி கேட்ட களப்பணியாளர் கல்லூரி முடித்துச் சில மாதங்களே ஆன பெண். விரலை டேப்பின் மேல் நிறுத்தியபடி, "சார், என்ன போடட்டும்?" என்று என்னைப் பார்த்தார். "இல்லை" என்று அழுத்தினால் கைபேசிக்கும் வருமானத்துக்குமான பகுதி முழுவதையும் டேப் தானாகவே தாண்டிவிடும். அந்தப் பகுதியில் பதிவாக வேண்டியதைத்தான் அந்த அம்மா அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் மத்தி குவிஞ்சா ஏலத்துல விலை விழும், நாங்க ஆளுக்கு ரெண்டு கூடை எடுப்போம். இப்ப படகு கரைக்கு வர்றதுக்குள்ள வெளியூர் வியாபாரி வண்டி வந்து நிக்குது."

இத்துறையில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் எங்கே போய்த் தைக்கும் என்று தெரியும். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் வடகேரளத்தின் மத்தி மீன்பிடிப்பைப் பற்றி 2007இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்காமல் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை. 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்களின் மீனை வாங்க ஆளில்லை, அதே காலையில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த சோம்பாலிலும் கொயிலாண்டியிலும் 27 பேர் மீன் கிடைக்காமல் நின்றிருந்தார்கள். கைபேசிக் கோபுரங்கள் வந்து, கரையிலிருந்து 20, 25 கிலோமீட்டர் வரை கடலில் சிக்னல் எட்டியதும், படகிலிருந்தபடியே விலை விசாரித்துக் கரையைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது, படகுகளின் லாபம் சராசரியாக 8 சதவீதம் உயர்ந்தது, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. எங்கள் வினாத்தாளும் அந்த ஆய்வின் வழிவந்ததுதான். அந்த முடிவுகளை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் அங்கே வாரந்தோறும் கணக்கெடுக்கப்பட்டவை படகுகள். விலை சமமாவது என்றால் தட்டுப்பாடுள்ள கரையில் விலை இறங்குகிறது, குவிந்து கிடக்கும் கரையில் ஏறுகிறது. குவிந்த நாளில் மலிவாக எடுத்துத் தெருத்தெருவாகக் கூவி விற்று நாலு காசு பார்த்த ஒருவருக்கு அந்த நாளே இல்லாமல் போகிறது. சராசரி விலை குறைந்ததும் அவருடைய கொள்முதல் விலை ஏறியதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். மகனுக்கு நல்ல விலை பெற்றுத்தரும் அதே போன்தான், அவர் பேரில் இருக்கும் போன்தான், அவருடைய மலிவு நாளை எடுத்துக்கொண்டிருந்தது. குடும்பத்துக்கு மொத்தத்தில் லாபமா நட்டமா என்று அவரிடமே கேட்டேன். "காசு அவன் கையில வருது, என்னுதுன்னு கூடையில வந்தது போச்சு" என்றார். இப்படிச் சொல்லக்கூடிய ஒருவரை ஒரு பொத்தானால் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆம்னு போடும்மா" என்றேன்.

அத்துடன் நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மறுவாரம் மறுசரிபார்ப்புக்குப் போனவர் அதே வீட்டில் "இல்லை" என்று குறித்துவர, தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். சிம் அவர் பேரில் இருப்பதைச் சொன்னேன். அப்படியானால் எல்லா வீட்டிலும் அதையே அளவுகோலாக வைக்க வேண்டும், ஆளுக்கொரு விதம் கூடாது என்றார்கள். அது நியாயமான கோரிக்கைதான், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். அன்று மாலையே குழுவுக்குச் சொன்னேன்: சிம் பேரில் இருந்தால் "ஆம்". ஒரு பெண்ணின் குரலைக் காப்பாற்றச் செய்த விலக்கு, ஒரே நாளில் எல்லாப் பெண்களுக்குமான விதியாகிவிட்டது.

அறிக்கை வந்தபோது அட்டவணையில் போன் வைத்திருந்த மீன் விற்கும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அவர்களுடைய வருமானத்தில் போனால் வந்த மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதற்குக் காரணம் பெண்களுக்குப் போனைப் பயன்படுத்தத் தெரியாததே என்றும், எனவே பயிற்சி தேவை என்றும் அறிக்கை பரிந்துரைத்தது. இல்லாத போனைப் பயன்படுத்துவதற்குப் பயிற்சி! அந்தப் பரிந்துரைக்கான வழியை நான்தான் அமைத்துக் கொடுத்தேன்.

கையேட்டின்படி "இல்லை" என்றே போட்டிருந்தால், போன் இல்லாத ஏழைப் பெண்கள் என்ற வரிசையில் அவர்கள் சேர்ந்திருப்பார்கள், போன் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வேறொரு பரிந்துரை வந்திருக்கும். அதுவும் பொய்தானே என்று பல இரவுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிறகு, அந்தப் பொய்யில் குற்றம் கேள்வியுடையதாக இருந்திருக்கும், இதிலோ குற்றம் என்னுடையது என்றும் தோன்றுகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றில், தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம், அதற்கு முந்தைய 2015-16 சுற்றில் 46 சதவீதம். இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம், விரலை டேப்பின் மேல் நிறுத்திக்கொண்டு "என்ன போடட்டும்?" என்று எத்தனை வாசல்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அறிக்கையின் இறுதிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், தாமதமாகத்தான் என்றாலும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. சிம் மட்டும் பேரில் இருந்தவர்களைத் தனியே பிரித்துத் தர முடியுமா, முடிந்தால் மீண்டும் கணக்கிடலாம் என்றுதான் கேட்டார்கள். முடியவில்லை. விதியை அறிவித்த பிறகு களப்பணியாளர்கள் என்னிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை, நேராக "ஆம்" என்று அழுத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்கள். முதல் வீட்டின் குறிப்புப் பகுதியில் மட்டும், அந்த அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். மற்ற வீடுகளில் அந்தப் பகுதி காலியாக இருந்தது.