உப்புத்தண்ணியும் பாசிப்பயறும்

உப்புத்தண்ணி பாசிப்பயறு வளர்ச்சியை எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்கும் சோதனை இது. ஒரு கப்பில் உப்புத்தண்ணி, இன்னொன்றில் நல்லதண்ணி, தலா ஒரு விதை என்று வைத்தால் போதாது. அந்த ஒன்று சொத்தையாக இருந்தால் சோதனையே போச்சு!

லிட்டருக்கு 0, 2, 4 கிராம் உப்பு, மூன்று கரைசல். ஒவ்வொன்றுக்கும் 5 கப், கப்புக்கு 3 பாசிப்பயறு. 8 மணி நேரம் ஊறவைத்து, கப்பில் நிரப்பிய மண்ணில் 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள்.

கப்பின் அடியில் ஓட்டை கட்டாயம். தண்ணீர் ஆவியாகும், உப்பு மண்ணிலேயே தங்கும். அடியில் கொஞ்சம் வடியும்வரை ஊற்றாவிட்டால் ஒரு வாரத்தில் நீங்கள் சோதிப்பது 4 கிராமே அல்ல.

மதுரையில் பல தெருக்களில் போர் தண்ணியே உப்பு. அதனால் மூன்று கரைசலுக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான். மொட்டைமாடி வெயில் வேண்டாம், ஜன்னலோரம் போதும். தினமும் கப்புகளை இடம் மாற்றுங்கள். 10 நாள், செடியின் உயரத்தை மண்மட்டத்திலிருந்து நுனிவரை அளக்கணும். முளைக்காததையும் நோட்டில் எழுதணும், மறைக்கக்கூடாது.