இரண்டு கைப்பிடி குதிரைமசால்

நீலகிரி மலையடிவாரத்தில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில், கால்நடை மருத்துவருக்கு உதவியாளராக 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கைவிடப்பட்ட மட்டக்குதிரைகள், கழுதைகள், மூன்று கால் நாய்கள், பார்வையிழந்த ஒரு கிடாரி என்று எந்நேரமும் ஐம்பது, அறுபது உயிர்கள் அங்கே இருக்கும். "வாயில்லா ஜீவன்களுக்குச் சோறு போடுகிறாய், புண்ணியமான வேலை" என்று ஊரில் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சோறு போட முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. பசித்து நிற்கும் பிராணியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொள்ளத்தான் பல ஆண்டுகள் பிடித்தன.

எங்களிடம் வந்த மட்டக்குதிரைகளில் பெரும்பாலானவை ஊட்டியைச் சேர்ந்தவை. ஏப்ரல், மே மாதங்களில் சீசன். ஏரிக்கரையில் குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பொழுது சாயும்வரை நடக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கூட்டம் கலைந்துவிடும், வருமானமும் நின்றுவிடும், குதிரையின் வயிறு மட்டும் நிற்பதில்லை. வைக்கோலும் கொள்ளும் கீழேயிருந்து லாரியேறி 2,240 மீட்டர் உயரத்துக்கு வரவேண்டிய ஊரில், வேலையில்லாத குதிரைக்குத் தீனி வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் அதை அவிழ்த்துவிடுகிறார்கள். அது குப்பைமேட்டில் அழுகிய கேரட்டோடு பிளாஸ்டிக் பையையும் சேர்த்துத் தின்கிறது. இரவில் சாலையில் நின்று வண்டியில் அடிபடுகிறது. சில சமயம் சிறுத்தைக்கு இரையாகிறது. இதற்கெல்லாம் கேள்வி கேட்க 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முதல் குற்றத்துக்கு அதில் விதிக்கப்பட்ட அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். இன்றைக்கு ஒரு கிலோ கொள்ளு அதைவிட விலை அதிகம்.

ஆனாலும் குதிரைக்காரர்களை மட்டும் ஏச எனக்கு மனம் வருவதில்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவரே முப்பது ஆண்டுகள் ஏரிக்கரையில் குதிரை ஓட்டியவர்தான். முழங்கால் தேய்ந்தபின் காப்பகத்தின் லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெரியவர் என்றே எல்லோரும் அழைத்தோம். ஒரு குதிரை காதைப் பின்னால் மடிப்பதற்குள் அவர் ஓரடி விலகியிருப்பார். படிப்பு எனக்கு நோய்களின் பெயர்களைச் சொல்லிக்கொடுத்திருந்தது. அவை வருவதற்கு முந்தைய நாள் குதிரையின் முகம் எப்படியிருக்கும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒரு குதிரை என் கையால் செத்தது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்ற நிலையில் வந்த பெட்டைக் குதிரை அது. மருத்துவர் அளந்து கொடுக்கச் சொன்ன தீனி எனக்குக் கருமித்தனமாகத் தெரிந்தது. குதிரை என்றால் கொள்ளு என்றுதானே நாமெல்லோரும் வளர்ந்திருக்கிறோம்? யாருக்கும் சொல்லாமல், கொள்ளை வேகவைத்து வெல்லம் கலந்து இரண்டு வேளை கொடுத்தேன். அது தின்ற வேகத்தைப் பார்த்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. நான்காம் நாள் காலையில் அது எழுந்திருக்கவில்லை.

பிறகுதான் காரணம் புரிந்தது. நெடுநாள் பட்டினி கிடந்த உடல், தன் கொழுப்பையும் தசையையும் கரைத்தே பிழைத்திருக்கப் பழகியிருக்கும். அதற்குள் திடீரென்று மாவுச்சத்தும் சர்க்கரையும் இறங்கினால் இன்சுலின் பொங்கிச் சுரந்து, ரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை ஒரேயடியாகச் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். தசைகள் தளரும், மூச்சு திணறும், இதயம் தடுமாறும். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. பெரியவர் மட்டும், "கொள்ளு மூட்டையை எடுத்து உள்ளே பூட்டி வையம்மா" என்றார்.

அதனால்தான் ராஜா வந்தபோது நான் அளவுத் தராசோடு நின்றேன். ஏரிக்கரைக் குதிரைகளில் பாதிக்குப் பெயர் ராஜா, மீதிக்கு ராணி. இது எங்களிடம் வந்த ஐந்தாவது ராஜா. ஜூன் மாத மழையில், சரக்கு ஆட்டோவின் தார்ப்பாய்க்குக் கீழே நடுங்கிக்கொண்டு வந்தது. எடைமேடை இல்லாத இடத்தில் நாடாதான் தராசு. நெஞ்சுச் சுற்றளவு 132 சென்டிமீட்டர், தோள்முனையிலிருந்து பிட்டம் வரை நீளம் 118. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்கி, 11,900ஆல் வகுத்தால் ஏறக்குறைய 173 கிலோ. அந்த உயரத்துக்கு இன்னும் ஐம்பது கிலோவாவது இருந்திருக்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள்; நாங்கள் முதலில் பிடிப்பது பல்லைத்தான். மேல்தாடையின் ஓர முன்பல்லில், ஏறத்தாழ 10 வயதில் ஈறோரமாக ஒரு பழுப்புக் கோடு தோன்றும். 15 வயதில் அது பாதிப் பல்லை எட்டும். 20 வயதில் முழுப் பல்லையும் கடந்திருக்கும். எட்டு வயது என்று சொல்லி அனுப்பப்பட்ட ராஜாவின் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. கடைவாய்ப் பற்களின் விளிம்புகள் கத்திபோல் வளர்ந்து கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்திருந்தன. குளம்புகளோ வளைந்து, பழங்காலத்து ஜோடுபோல் முனை மேல்நோக்கி நின்றன.

கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால், ரத்த மாதிரி ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்குப் போய் முடிவு வரும்வரை அதைத் தனிக் கொட்டிலில் கட்டினோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி குதிரைமசால். பெயரிலேயே குதிரையைச் சுமந்துகொண்டிருக்கும் அந்தத் தீவனத்தில் மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம். இரவு பத்து, இரண்டு, காலை ஆறு என்று அலாரம் வைத்துக்கொண்டு எழுவேன். ஒரு நிமிடத்துக்குள் தின்று முடித்துவிட்டு, காலி வாளியை மூக்கால் முட்டிச் சுவரில் மோதும். அந்தத் தகரச் சத்தம் என் அறைவரை கேட்கும். ஒரு கைப்பிடி கூடுதலாகப் போட்டால் என்ன என்று ஒவ்வொரு இரவும் தோன்றியது. போடவில்லை. மூன்று நாளுக்குப் பின் அளவை மெல்ல மெல்லக் கூட்டி, பத்தாவது நாளில்தான் அது ஆசைதீரத் தின்னும் அளவுக்குக் காய்ந்த புல்லைக் கொடுத்தோம்.

குளம்பிலும் இதே கதைதான். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் வளர்வது குளம்பு; முழுவதும் புதிதாக ஓர் ஆண்டாகும். வளைந்ததையெல்லாம் ஒரே நாளில் வெட்டித் தள்ளினால் தசைநார்கள் தாங்காது. பெரியவர் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார். சீவிய துண்டுகளுக்காக எங்கள் நாய்கள் வாசலில் வரிசையாகக் காத்திருக்கும்; அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

பார்வையாளர்களிடம் இல்லை என்று சொல்வதுதான் ஆகப் பெரிய தொல்லை. பிறந்தநாள் கேக்கும் பன்னும் பொட்டலமாகக் கொண்டுவருவார்கள். மட்டக்குதிரைக்கு இனிப்பும் மாவும் சேர்ந்தால் குளம்புக்குள் அழற்சி கண்டு, எலும்பைத் தாங்கும் சவ்வு பிரிந்து, நெருப்பில் நிற்பதுபோல் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கும். ஒருமுறை நல்ல தொகை நன்கொடை தந்தவர் ஒருவர், தன் பேரன் கையால் ஒரு ரொட்டித் துண்டு கொடுக்க நான் விடவில்லை என்பதற்காக, மனிதாபிமானம் இல்லாதவள் என்று அலுவலகத்தில் புகார் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தப் புகாரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தத்துக் கேட்டு வருபவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். நாய்க்குட்டி கேட்பவரிடம் சங்கிலியின் நீளத்தைக் கேட்டாலே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். பண்ணை வீட்டின் புல்வெளியில் அழகுக்கு ஒரே ஒரு குதிரை வேண்டும் என்பவர்களுக்குக் கொடுக்கவே மாட்டோம். குதிரை மந்தைப் பிராணி. தனிமையில் அது சுவரைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

ராஜாவுக்குத் துணையாக வாய்த்தது, மணல் சுமந்து முதுகு புண்ணான ஒரு கழுதை. ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று என் அண்ணன் கேலி செய்வான். மேய்த்துப் பார்த்தால் தெரியும். கழுதை வலியைக் காட்டாது. சும்மா நிற்பதுபோலத்தான் நிற்கும். இரண்டு நாள் தின்னாமல் விட்டால் உடற்கொழுப்பு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகும். துணையைப் பிரித்தாலும் தின்னாது. ஆகவே ராஜாவைப் பல் ராவ அழைத்துப்போகும்போதெல்லாம் கழுதையும் கூடவே வந்து, வாசலில் முகத்தை மட்டும் உள்ளே நீட்டி நிற்கும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலையில் கொட்டிலுக்குப் போனபோது, ராஜாவின் தீனித்தொட்டியில் ஒரு பிடி புல் கிடந்தது. வந்த நாளிலிருந்து அந்தத் தொட்டியில் ஒரு துரும்பு மிஞ்சியதில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. வயிற்றுவலியில் குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். ஈறை அழுத்திப் பார்த்தேன். நிறம் உடனே திரும்பியது. நாடி நிமிடத்துக்கு 40. ஸ்டெதாஸ்கோப்பை வலமும் இடமுமாக நான்கு இடங்களில் வைத்துக் கேட்டேன்; நான்கிலும் குடல் நன்றாகவே உறுமியது. விலாவைத் திரும்பிப் பார்க்கவுமில்லை, தரையைக் கீறவுமில்லை. ஒரு பின்காலைத் தளர்த்தி, கீழுதடு தொங்க, அரைத்தூக்கத்தில் நின்றது.

பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் தொட்டியையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயித்து வலியில்லம்மா. நாளைக்கும் கிடைக்கும்னு தெரிஞ்சிருச்சு, மிச்சம் வச்சிருக்கான்."

அந்த ஒரு பிடியை அள்ளிக் கழுதைக்குப் போட்டுவிட்டு, தொட்டியைக் கழுவப் போனார்.