பாட்டிலுக்குள் பஞ்சு

மாத்திரை பாட்டிலில் கொஞ்சம் பஞ்சு அடைத்துவிட்டால் பைக்குள் கலகலவென்று சத்தம் போடாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவர், எச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா. என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி தூங்குறியாம்மா?" அதுவரை எல்லோரும் கேட்டது "எப்படி வந்துச்சு?" என்றுதான்.

எனக்கு 23 வயது. எச்ஐவி என்று தெரிந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் என் கட்டிலில் மட்டும் தனி அட்டை தொங்கவிட்டார்கள். பிரஷர் பார்க்கக்கூட இரட்டைக் கையுறை. தொட்டால் பரவாது என்று படித்தவர்களே அப்படி நடந்துகொண்டதில் எனக்கே பயம் வந்துவிட்டது. வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கி வைத்தேன். தங்கை ஒன்றும் பேசாமல் எடுத்து மற்ற பாத்திரங்களோடு அடுக்கிவிடுவாள். நான் மறுபடி ஒதுக்குவேன், அவள் மறுபடி அடுக்குவாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள்.

அக்கா பல வருஷமாக மருந்தில் இருப்பவர். முன்பு அவருக்குக் கொடுத்த மாத்திரையில் எஃபாவிரென்ஸ் இருந்ததாம். தலைசுற்றல், பயங்கரக் கனவுகள். எனக்குத் தருவதில் இருப்பது டோலுடெக்ராவிர். அதுவும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். "டாக்டர்கிட்ட கேட்டுட்டு காலையில மாத்திக்கோ" என்றார். கேட்டேன், மாற்றினேன், தூங்கினேன். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்பதையும் அவர்தான் முதலில் சொன்னார். "தைரியமா இரு" என்று சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் எனக்குத் தைரியம் வந்தது இந்த மாதிரிப் பேச்சில்தான்.

என் தோழி காலை எட்டு மணிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். மாத்திரை போட்டதும் நான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு பரிசோதனையில் 'கண்டறிய முடியாத அளவு' என்று வந்த அன்று அந்தத் தாளை அவளே இரண்டு தரம் சத்தமாகப் படித்தாள். வைரஸ் போய்விடவில்லை, மருந்தை நிறுத்தினால் திரும்பவும் பெருகும். ஆனால் இப்படி அடங்கியே இருக்கும்வரை உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவாது. 2016-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில் ஒருவருக்கு மட்டும் எச்ஐவி இருந்து, ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட 888 ஜோடிகளைக் கவனித்தார்கள். வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

இதையெல்லாம் என்னை விரும்புகிறவரிடம் போன மாதம் சொன்னேன். கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். அந்த நாட்களில் தங்கை என் அறையிலேயே படுத்துக்கொண்டாள். அப்புறம் அவரே கூப்பிட்டு, "குழந்தை பெத்துக்க முடியுமா?" என்று கேட்டார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். கர்ப்ப காலத்திலும் மருந்தை விடாமல் எடுத்தார், பிள்ளைகள் இருவருக்கும் தொற்று இல்லை. அடுத்த வாரம் நாங்கள் இருவரும் கவுன்சிலரைப் பார்க்கப் போகிறோம். அக்காவிடம் சொன்னதும், "நானும் வர்றேன், அந்தத் தம்பி என்ன வேணும்னாலும் என்கிட்ட கேக்கட்டும்" என்றார்.