முதல் செலவு டைரி

சிக்கனமாக வாழ்வது எப்படி என்று எழுதி வைப்பதற்காக 280 ரூபாய் கொடுத்து ஒரு டைரி வாங்கினேன். இந்தப் புத்தாண்டில் எனக்கு நடந்ததெல்லாம் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் டைரியைக் காசு கொடுத்து வாங்குவது என்பதே எங்கள் வீட்டில் கிடையாது. டிசம்பர் கடைசியில் நகைக்கடை, மருந்துக்கடை, எல்.ஐ.சி. ஏஜென்ட் என்று மூன்று நான்கு டைரிகள் தானாக வந்து சேரும். இப்போது எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்துப் படத்தை அனுப்பிவிட்டுக் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். பூங்கொத்தில் கணக்கு எழுத முடியாது.

டிசம்பர் 31 அன்று இந்த யோசனை வந்ததற்கும் காரணம் உண்டு. நான் திருச்சி பொன்மலை ரயில்வேயில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குப் பென்ஷன் மாதத்தின் கடைசி வேலை நாளில் வந்துவிடும். மார்ச் மாதத்துக்கு உரியது மட்டும் ஏப்ரலில் வரும். ஜனவரி 1 வந்தால், தபால் ஆபீஸில் போட்டிருக்கும் சீனியர் சிட்டிசன் திட்டத்தின் காலாண்டு வட்டி. பத்து லட்சத்துக்கு 8.2 சதவீதம், ஆக மூன்று மாதத்துக்கு 20,500 ரூபாய். அடுத்தடுத்து இரண்டு நாளில் இரண்டு வரவு. சிக்கனத்தைப் பற்றி முடிவெடுக்க இதைவிட மோசமான நேரம் கிடையாது. மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, நாளையிலிருந்து ஒரு வேளைதான் என்று சபதம் எடுப்பது மாதிரி.

டைரியின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, செலவு என்ற தலைப்பின் கீழ் 'டைரி – 280' என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, போன வருஷ டைரி முக்கால்வாசி காலியாத்தானே கிடக்கு?"

"அதுல தேதி தப்பா இருக்கும்."

"பால் விலைக்குத் தேதி எதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அபசகுனம் மாதிரி இருந்தது.

சரி, தீர்மானங்களுக்கு வருகிறேன். முதல் தீர்மானம் பால். பச்சைப் பாக்கெட்டுக்குப் பதிலாக நீலப் பாக்கெட். அரை லிட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம், தினம் இரண்டு பாக்கெட், மாதம் 120 ரூபாய். கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். மூன்றாம் நாள் காபியில் ஏதோ குறைகிறது என்று நானே முனகினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் காபி பழையபடி பிரமாதமாக இருந்தது. நீலப் பாலிலும் நல்ல காபி போடலாம் என்று பொன்மலை மைதானத்தில் நடைக்கு வரும் நண்பர்களிடம் பெருமையடித்தேன். மாதக் கடைசி வரை வரும் காபிப்பொடி பத்தாம் தேதியே பாதிக்குக் கீழே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. டிகாக்‌ஷனைத் திக்காக்கிவிட்டாள். இன்றைக்குக் காபிப்பொடி விற்கிற விலையில் அது நீலம் பச்சை எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும்.

அந்த நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு பேர். ஜனவரியில் உயரும் பஞ்சப்படியை மார்ச்சில்தான் அறிவிப்பார்கள் என்பதால் அந்த மூன்று மாதமும் எத்தனை சதவீதம் என்று ஆரூடம் சொல்வதே வேலை. எட்டாவது ஊதியக் குழுவைப் பற்றித் தினம் ஒருவர் ஒரு வதந்தியோடு வருவார். எங்களில் மூத்தவருக்கு 78 வயது. 80 முடிந்தால் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல் உண்டு என்பதால் அவர் மட்டும் எல்லோரையும்விட இரண்டு சுற்று அதிகமாக நடப்பார்.

இரண்டாவது தீர்மானம்தான் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது. காய்கறியைத் தெருவில் வரும் தள்ளுவண்டியில் வாங்கக் கூடாது, காந்தி மார்க்கெட்டுக்கே போய் வாங்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை. ஆகவே அவளை அனுப்பினால் போக்குவரத்துச் செலவு பூஜ்யம்.

"போறேன். பையை யார் தூக்குறது?"

இருவரும் போனோம். எனக்கு டிக்கெட் பத்து ரூபாய். கண்டக்டர் அவளிடம் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னிடம் கை நீட்டியபோது, அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

காந்தி மார்க்கெட் விடியற்காலையில் ஒரு தனி உலகம். தலையில் மூட்டையோடு "வழி, வழி" என்று ஓடிவருகிறவர்களுக்கு ஒதுங்கி, வெங்காயச் சருகில் வழுக்காமல் போய்ச் சேர்ந்தால், தக்காளி மலையாகக் குவிந்திருந்தது. இரண்டு கிலோ கேட்டேன்.

"ரெண்டு கிலோன்னா கிலோ இருபத்தஞ்சு போட்டுத் தரேன் சார். பெட்டியா எடுத்துக்கிட்டா கிலோ பதினாலுதான் விழும்."

ஒரு பெட்டியில் 14 கிலோ. வீட்டம்மா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர், நமக்கு எதற்கு என்பது அந்த இழுப்பின் பொருள். ஆனால் 34 வருஷம் மொத்தக் கொள்முதல் ஃபைல்களைப் பார்த்தவனுக்குச் சில்லறை வியாபாரம் மனசுக்கு ஒப்புமா? எடுத்தேன். 196 ரூபாய். பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது என்பது பஸ் நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஆட்டோ 160.

வீட்டில் வந்து கொட்டினால், அடியில் இருந்த இரண்டு கிலோ நசுங்கிக் கூழாகியிருந்தது. ஸ்டோர்ஸ் பாஷையில் சொன்னால் சேதாரம் போக 12 கிலோ. ரசம் வைத்தோம், சட்னி அரைத்தோம், எதிர்வீட்டுக்குக் கொடுத்தோம். எதிர்வீட்டுக்காரர்கள் பதில் மரியாதையாகத் தங்கள் வீட்டு வாழைத்தாரில் ஒரு சீப்பு அனுப்பினார்கள், அது வேறு பழுக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் தக்காளி என்னைப் பார்த்துத் தளர ஆரம்பித்ததும், மிச்சத்தைத் தொக்குப் போட்டுவிடலாம் என்றேன். தொக்கு எண்ணெய் குடிக்கும் என்றாள். குடிக்கட்டும் என்றேன். ஒரு லிட்டர் நல்லெண்ணெய், 390 ரூபாய். மத்தியானம் முழுக்க அடுப்பில் அது கொதித்துத் தெறித்ததில் சமையலறைச் சுவர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

இரண்டு கிழங்கள் எவ்வளவு தொக்கு சாப்பிட முடியும்? எனக்கு ரத்த அழுத்தம், அவளுக்குப் புளிப்பு ஆகாது. பூனாவில் இருக்கும் மகனுக்கு இரண்டு கிலோ கூரியர் அனுப்பினோம், 240 ரூபாய். பார்சல் கிடைத்ததும் போன் பண்ணினான். "தொக்கு சூப்பர்ப்பா. ஆனா எதுக்குப்பா இவ்வளவு கஷ்டம்? இங்கேயே தக்காளி கிலோ இருபதுதான்."

அன்று ராத்திரி டைரியில் கூட்டிப் பார்த்தேன். 196, 10, 160, 390, 240. மொத்தம் 996. பன்னிரண்டு கிலோவுக்கு வகுத்தால் கிலோ 83 ரூபாய். மிளகாய்ப்பொடியும் கேஸும் சேர்க்கவில்லை, சேர்க்கத் தைரியம் வரவில்லை. அந்தப் பக்கத்தை அவள் படித்துவிடக் கூடாதே என்று டைரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

இதற்கு நடுவில் கரூரில் இருக்கும் மகளுக்குப் பொங்கல் சீர். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மகளுக்குப் புடவை, பேரனுக்கு டிரஸ், பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கவரில் பணம். நான் பேனாவை எடுத்ததும் தடுத்துவிட்டாள். "பொண்ணுக்குச் செய்யிறதையெல்லாம் கணக்குல எழுதாதீங்க, நல்லதில்ல." எழுதாமல் விட்டால் கணக்கு உதைக்கும். கடைசியில் 'இதர' என்று போட்டேன். வேலையில் இருந்த காலத்தில் இந்த 'இதர' என்ற வார்த்தையை எழுதிக்கொண்டு வந்தவர்களை நாற்காலியில் உட்காரவிடாமல் குடைந்தவன் நான். இப்போது என் டைரியில் டைரியைத் தவிர மற்ற எல்லாம் 'இதர' ஆகிக்கொண்டிருந்தன.

ஆனால் மூன்றாவது தீர்மானத்தில் ஜெயித்துக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். கரண்ட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. அந்த 101-லிருந்து 200 வரை கிடைக்கும் மலிவு விலை போய்விடும். 500-ல் நிற்பவருக்கும் 510-ல் நிற்பவருக்கும் பில்லில் முந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். பத்து யூனிட்டுக்கு முந்நூறு! கோடு தாண்டிய சீதை மாதிரி ஆகிவிடும் நம் நிலைமை.

அரையாண்டு விடுமுறைக்கு மகளும் பேரனும் வந்திருந்ததில் மீட்டர் ஏற்கெனவே ஏறிக் கிடந்தது. மார்கழிக் குளிருக்குக் கீஸர். இரண்டு கிலோவாட் கீஸர் அரை மணி ஓடினால் ஒரு யூனிட். பேரன் உள்ளே போனால் பாட்டுப் பாடி முடித்த பிறகுதான் வெளியே வருவான். அவர்கள் கிளம்பியதும் கீஸருக்குத் தடை போட்டேன். பரணில் இருந்த பித்தளை அண்டாவை இறக்கி, கொல்லையில் கல் கூட்டி, கொட்டாங்குச்சி போட்டு வெந்நீர் வைத்தேன். புகை நேராகப் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டிகள் மேல் போனது. அதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர்தான். பல் கிட்டித்தது.

தினம் காலையும் மாலையும் டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பேன். அவள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதற்குள் விளக்கை அணைப்பேன். "நான் இன்னும் இந்த ரூம்லதாங்க இருக்கேன்" என்று இருட்டிலிருந்து குரல் வரும். சீரியலை ரேடியோ மாதிரி கேட்டால் என்ன, டி.வி. திரைதானே கரண்ட் இழுக்கிறது என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 12 ரீடிங். 11-ம் தேதி ராத்திரி ஒன்பதரை மணிக்கு மீட்டரைப் பார்த்தால் 497. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ராத்திரி ஃப்ரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் ஒன்று போனாலும் 498-ல் நிற்கும். காலையில் முதல் ஆளாக ரீடிங் எடுத்துவிட்டால் போதும். அந்தச் சந்தோஷத்தில், மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, பத்தே நிமிஷம் ஓடட்டும் என்று மோட்டாரைப் போட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்தேன். பகலெல்லாம் மீட்டருக்கு நடந்த அலுப்பு.

"ஏங்க!"

விழித்துப் பார்த்தால் மணி ஐந்து. வாசலில் அவள் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி எட்டு வரை நிறுத்திப் போட்ட தாமரைக் கோலம். மாக்கோலத்தோடு கலர்ப்பொடியும் தூவி முடித்து, பூசணிப் பூவை வைக்கச் சாணி உருண்டை எடுக்க உள்ளே போய்விட்டு வந்திருக்கிறாள். ராத்திரி முழுக்கக் கொல்லைப் பக்கம் வழிந்த தண்ணீர், வழி கண்டுபிடித்துச் சந்து வழியாகச் சரியாக அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கோலத்தில் பாதி சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மோட்டாரை அணைத்துவிட்டு டார்ச்சோடு ஓடினேன். ஒரு ஹெச்.பி. மோட்டார் மணிக்கு முக்கால் யூனிட், ஏழரை மணி நேரம். ஏழரைதான்.

503.

பத்து மணிக்கு ரீடிங் எடுக்க வந்த பையன் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, "ஜஸ்ட்டு மிஸ்ஸு சார்" என்றான். நான் ஈஸிசேரில் உட்கார்ந்து டைரியை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறக்காமலே இருந்தேன். அவள் காபி கொண்டுவந்து வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ரேஷனில் வாங்கி வந்த துவரம் பருப்பை முறத்தில் கொட்டிப் புடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கிலோ 30 ரூபாய். பாமாயில் 25, சர்க்கரை 25. எத்தனை வருஷமாக ஒரு மாதம்கூட விடாமல் அந்த வரிசையில் நிற்கிறாள் என்று நான் எந்த டைரியிலும் எழுதியதில்லை.

"அந்த டைரியில இன்னும் ஏதாவது எழுதப் போறீங்களா?"

"இல்ல."

"அப்ப இங்க குடுங்க. பொங்கலுக்குப் பானைக் கோலம், அப்புறம் ரதம் போடணும். புள்ளி வச்சுப் பார்க்க ஒரு நோட்டும் இல்ல."

"இது 280 ரூபா டைரி. ஒரு பக்கத்துக்கு 77 பைசா விழுது, தெரியுமா?" என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

பேனாவையும் வாங்கிக்கொண்டாள். பிப்ரவரி 1-ம் தேதியைப் பிரித்து, நடுவில் முதல் புள்ளியை வைத்தாள்.

"கோலப் புத்தகம் அறுபது ரூபா சொன்னான். இது பரவாயில்ல, மலிவாத்தான் வாங்கியிருக்கீங்க."