செல் இல்லாத குழிகள்

மார்ச் 3
பச்சைத் தேயிலைச் சாற்றுப் பொடி குடலுக்கு நல்லதா என்று பார்க்க, கேகோ-2 என்ற ஆய்வகச் செல்களைச் சவ்வுக் கிண்ணங்களில் விதைத்தேன். பெருங்குடல் புற்றுக்கட்டியில் பிறந்த செல்கள், 21 நாள் வளர்ந்த பிறகு சிறுகுடல் சுவரைப் போல நடந்துகொள்வது எனக்கு இன்னும் பழகாத வியப்பு.

மார்ச் 9
பொடிக்கான எம்டிடி சோதனை: செல்கள் உயிரோடு உள்ளனவா என்று சாயத்தால் பார்ப்பது. உயிருள்ள செல்கள்தான் அந்த மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் என்பது கணக்கு. சாற்றின் அளவு கூடக் கூட ஊதாவும் கூடியதால் மதியம் வரை மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு, செல்லே இடாமல் சாறும் சாயமும் மட்டும் ஊற்றியிருந்த, சோதனைத் தட்டின் நான்கு குழிகளைப் பார்த்தேன். அவையும் ஊதா.

மார்ச் 10
அந்த நான்கு குழிகள் கனவிலும் வந்தன.

மார்ச் 12
சாற்றிலுள்ள கேட்டச்சின்கள் எனும் தேயிலைச் சேர்மங்கள், செல்லின் துணையின்றியே சாயத்துக்கு எலக்ட்ரான் தந்து அதை ஊதாவாக்குகின்றன. அதோடு, செல்கள் வளரும் திரவமான ஊடகத்தில் அவை தாமாகவே ஆக்சிஜனேற்றமடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதால், செல்கள் செத்தாலும் கொன்றது சாறா, ஊடகமா என்று அந்தப் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த குழிகளின்றிச் சொல்ல முடியாது. ஆக இந்தத் தட்டு நன்மையையும் பொய்யாகச் சொல்லும், தீமையையும் பொய்யாகச் சொல்லும். துணையூட்டமாக நாளொன்றுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் ஈஜிசிஜி (பச்சைத் தேயிலையின் முக்கியக் கேட்டச்சின்) உட்கொண்டவர்களின் இரத்தத்தில், கல்லீரல் பாதிப்பைக் குறிக்கும் நொதிகள் உயர்ந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. என் குடல் செல்கள் எவ்வளவு நலமாக இருந்தாலும் கல்லீரலைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

மார்ச் 15
"அந்தத் தேயிலை மாத்திரை வயிற்றுக்கு நல்லதா, இல்லையா? ஒரே சொல்லில் சொல்" என்றார் அம்மா. பேச்சை மாற்றினேன்.

மார்ச் 18
அடுத்த சோதனைக்குக் குடல் பாக்டீரியா வேண்டும். மல மாதிரி தர ஒப்புக்கொண்டவர், போன மாதம் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதை இன்றுதான் சொன்னார். மூன்று மாத விலக்கு விதிப்படி வேறொருவரைத் தேட வேண்டியதாயிற்று.

மார்ச் 21
ஆக்சிஜன் நீக்கிய குப்பிகளில் மல பாக்டீரியாக்கள் பொடியை நொதிக்கவைக்கும் 24 மணி நேரம் முடிந்தது. குடலுக்கு நல்லதென்று கருதப்படும், பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பியூட்டிரேட்டின் அளவு, ஒப்பீட்டுக்காக இன்யுலின் நார்ச்சத்து இட்ட குப்பியின் அளவை நெருங்கியிருந்தது. குழுவில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். நான் பொடியின் உட்பொருள் தாளைத் தேடிப் போனேன். எடையில் பாதி, மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின். உடலில் அது சிறுகுடலிலேயே செரித்து உறிஞ்சப்பட்டுவிடும். நாங்களோ செரிமானத்தைப் போலச் செய்யும் படிக்குப் பிறகு, செரித்த சர்க்கரையைச் சவ்வு வழியே வெளியேற்றும் டயாலிசிஸ் செய்யாமல் அப்படியே குப்பியில் ஊற்றியிருக்கிறோம். பாக்டீரியாக்கள் தின்றது சாற்றையா, அந்தச் சர்க்கரையையா? மால்டோடெக்ஸ்ட்ரினை மட்டும் இட்ட ஒரு குப்பியை யாருமே வைக்கவில்லை, நானும்தான்.

மார்ச் 22
மீண்டும் முதலிலிருந்து.

மார்ச் 24
21ஆம் நாள். காலையில் கேகோ-2 கிண்ணங்களில் சாற்றை இட்டு, நான்கு மணி நேரம் கழித்துச் செல் அடுக்கின் மின்தடையை அளந்தேன்; செல்கள் நெருக்கமாக இருந்தால் தடை கூடும். சாறு இட்ட கிண்ணங்களில் தடை அதிகம்; குடல் அரண் இறுகியிருப்பதாகவே எவரும் எழுதுவார்கள். ஆனால் அவற்றைக் கடைசியாக அளந்தேன், அதற்குள் தட்டு மேசையில் ஆறிவிட்டிருந்தது, வெப்பம் குறைந்தால் தடை தானாகவே கூடும். எல்லாவற்றையும் இன்குபேட்டருக்குள் திருப்பி வைத்திருக்கிறேன். இம்முறை சாறு இட்டவற்றை முதலில் அளப்பேன். இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் இருக்கின்றன.