லில்லி சூபுர்கைத் தேடி வேண்ட்ராவுக்கு

எஸ்டோனியாவின் பார்னு நகருக்குப் போகிறவர்கள் லிடியா கொய்டுலா சிலை முன்னால் நின்று படம் எடுக்காமல் வருவதில்லை. பெரிய கவிஞர், யூரோ வருமுன் இருந்த பழைய எஸ்டோனிய நாணயமான நூறு குரூன் நோட்டில் முகம் இருந்தவர். சரி, தகும். ஆனால் இதே ஊரில் 1882-ல் எஸ்டோனியப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய லில்லி சூபுர்க்? நான் விசாரித்த இடங்களில் பலருக்குப் பெயரே தெரியவில்லை. ஆத்திரமாக வந்தது.

படிப்பு என்றால் ஜெர்மன் என்றிருந்த காலம் அது. அவரும் அப்படிப் படித்தவர்தான். படித்தபின் ஜெர்மன் சீமாட்டியாக மாறிவிடாமல் தன் இனத்துப் பிள்ளைகளிடம் திரும்பினார். இந்த மனப் போராட்டம்தான் அவருடைய 1877-ஆம் ஆண்டுக் கதை ‘லீனா’. 1885-ல் பள்ளியை வில்யாண்டி நகருக்கு மாற்றினார். 1887-ல் ‘லிண்டா’, எஸ்டோனிய மொழியின் முதல் பெண்கள் பத்திரிகை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஒரு பெண்ணைத் தத்தெடுத்து வளர்த்தார்.

அவர் கல்லறை வேண்ட்ராவில். பார்னுவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பாதீர்கள், பஸ் அபூர்வம். வேறு வழியில்லாமல் டாக்சி பிடித்தேன். பேசியது ஒரு தொகை. இறங்கும்போது “திரும்பிப் போக எனக்குச் சவாரி கிடைக்காதே” என்று டிரைவர் கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கேட்டார். வாக்குவாதம் செய்து கொஞ்சம் குறைத்தேன். அப்படியும் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு. யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆனால் அந்த மரநிழலில் நின்றபோது காசெல்லாம் மறந்துவிட்டது. 1919-ல் பெண்களும் ஓட்டுப் போட்டு, அரசியல் நிர்ணய சபைக்கு ஏழு பெண்கள் தேர்வானதை உயிரோடு இருந்து கண்டவர். 1923-ல்தான் இறந்தார். நினைக்கவே சிலிர்த்தது.

வில்யாண்டியில் கோட்டை இடிபாடு, ஏரி எல்லாம் இருக்கிறது, பாருங்கள். அதைவிட முக்கியம் முல்கி புடர் என்கிற சாப்பாடு. உருளைக்கிழங்கையும் பார்லியையும் குழைய வேகவைத்து மசித்து, மேலே பன்றிக்கொழுப்பும் வெங்காயமும் முறுகலாக வறுத்துக் கொட்டுகிறார்கள். பார்லி பல்லில் லேசாகக் கடிபட வேண்டும், அதுதான் பக்குவம். சைவம் என்றால் கொழுப்பு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். விலையும் குறைவு, இரவு வரை பசிக்காது.

பார்னு கடற்கரையில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் பஸ் நேரம் பார்த்து வேண்ட்ரா போய், அப்புறம் வில்யாண்டிக்குப் போங்கள்.