கருகிய தரை

பிப்ரவரி 23, ஞாயிறு

மலேசியாவின் பந்திங் பக்கம் மூன்று வாரமாக நல்ல மழை இல்லை. காலையில் 14ஆம் பிளாக்கின் கால்வாயில் நட்டிருக்கும் அளவுகோலைப் பார்க்கப் போனேன். தண்ணீர் தரைமட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. அதை அரை மீட்டரில் நிறுத்திவைக்கத்தான் ஆண்டு முழுக்கப் பாடுபடுகிறோம்.

எங்கள் தோட்டத்தில் பாதி களிமண், பாதி கம்புட். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மரமும் வேரும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்குள் கிடந்து, முழுசாக மட்காமல் சேர்ந்த படிவுக்குத்தான் இங்கே கம்புட் என்று பேர். ஈரம் இருக்கும்வரை அது பஞ்சு, காய்ந்தால் விறகு. அந்த விறகின் மேல்தான் பாமாயில் தரும் செம்பனை நிற்கிறது, நாங்களும் நடக்கிறோம்.

மாலையில் வானிலைத் துறையின் தீ அபாய வரைபடத்தைப் பார்த்தேன். கனடாவில் உருவான கணக்கைத் தழுவியது அது. மேலே கிடக்கும் புல்லும் சருகும் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதற்கு ஒரு குறியீடு, ஆழத்தில் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதற்கு இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

காலைப் பெரட்டு, அதாவது ஆள் எண்ணி வேலை பிரிக்கும் கூட்டம், முடிந்ததும் தீயணைப்புக் குழுவை மட்டும் நிறுத்திக்கொண்டேன். என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர். வங்காளதேசத்துப் பையன்கள் ஆறு பேர், இந்தோனேசியாவின் லொம்போக்கிலிருந்து வந்தவர்கள் ஐந்து பேர், தமிழர்கள் நான்கு பேர். என் அப்பா காலத்தில் இந்தப் பெரட்டில் முழுக்கத் தமிழ்தான் கேட்கும். இப்போது எல்லோருக்கும் பொதுவாக மலாய்.

1991இல் பால் கிளீசன் என்ற அமெரிக்கக் காட்டுத் தீ வீரர் பாதுகாப்பை நான்கு சொல்லில் அடக்கினார். காவலுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஆள் தகவல், தப்பிக்க வழி, போய் நிற்க இடம். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் தீயிடம் போகக் கூடாது. இதைத்தான் மலாயில் சொன்னேன், தரையில் குச்சியால் கோடு போட்டும் காட்டினேன். வேலைக்கு முன்பும் பின்பும் எண் சொல்லப் பழக்கினேன். சத்து, டுவா, தீகா என்று லீமா பெலாஸ், அதாவது பதினைந்து, வரை. என்னுடையது கடைசி எண்.

பிப்ரவரி 26, புதன்

மதியம் இரண்டரைக்கு எல்லையோர லாலாங் புல்லில் தீ. பக்கத்து நிலத்தில் யாரோ குப்பைக்கு வைத்தது. திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்று தெரியாதவர்கள் இங்கே யாரும் இல்லை. தெரிந்தும் வைக்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மோரிப் பக்கமிருந்து கடல்காற்று ஏறியிருந்தது. காலையில் அசையாமல் கிடக்கும் காற்று மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து புறப்படும். அதைக் கணக்கில் வைக்காமல் தீக்கு எதிரே போய் நின்றவனுக்கு ஓட நேரம் கிடைக்காது. ஆகவே தலைப்பக்கம் போகவே இல்லை. செம்மண் சாலையைப் பிடித்துக்கொண்டு, தீயின் வால்பக்கத்தில் தொடங்கி, இரண்டு விலாவிலும் ஏறினோம். முன்னால் முதுகுப்பம்பு, பின்னால் பச்சை மட்டை. மருந்தடித்த பம்பைத் தொடவே விடவில்லை, தண்ணீருக்கென்றே தனியாக எட்டு வைத்திருக்கிறோம்.

ஒரு கால் எப்போதும் கருகிய தரையில் இருக்க வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தேன். எரிந்து முடிந்த புல் மறுபடி எரியாது. நடுவில் காற்று திரும்பியபோது வங்காளதேசத்துப் பையன் ஒருவன் பயத்தில் எரியாத புல்லுக்குள் ஓடப் பார்த்தான். "ஹீத்தாம்! ஹீத்தாம்!" என்று எங்கள் மேற்பார்வையாளர் மண்டோர் அண்ணன் கத்தினார். கருப்புக்குள் போ என்று அர்த்தம். பையன் திரும்பிக் கருப்புக்குள் பாய்ந்தான்.

ஐந்து மணிக்கு அணைந்தது. எண் சொன்னோம், பதினைந்தும் வந்தது.

அப்புறம் லாரி நிழலில் உட்கார்ந்து அவர்களுக்கு மான் கல்ச் கதையைச் சொன்னேன். 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மொண்டானா. மலைச்சரிவில் பதினாறு பேரைப் புல்தீ துரத்துகிறது. ஓடி ஜெயிக்க முடியாது என்று தலைவர் வாக்னர் டாட்ஜுக்குத் தெரிந்துவிட்டது. நின்று, முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீக்குச்சி கிழித்து வைத்து, அது எரிந்த சாம்பலில் போய்ப் படுத்தார். வாருங்கள் என்று கூப்பிட்டும் யாரும் வரவில்லை. அவருக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். பதின்மூன்று பேர் இறந்தார்கள், அவர் பிழைத்தார். கருப்புதான் உயிர் என்று சொல்லி முடித்தேன். பையன்கள் கண் கொட்டாமல் கேட்டார்கள்.

இன்று மகா சிவராத்திரி. கோயிலுக்குப் போகப் பதினொரு மணியாகிவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

14ஆம் பிளாக்கின் ஓரத்தில் தரையிலிருந்து புகை. சுவாலை எங்கும் இல்லை. நேற்றைய தீ அணைவதற்கு முன்பே கம்புட்டுக்குள் இறங்கிவிட்டது. 999க்கு அழைத்தோம். பொம்பா, அதாவது தீயணைப்புத் துறையினர், வந்தார்கள், தண்ணீர் அடித்தார்கள், மேலே குளிர்ந்தது. அவர்கள் அதிகாரி நேராகவே சொன்னார்: "இது நாட்கணக்கில் எடுக்கும். முதலில் கால்வாயை அடைத்துவிடுங்கள்."

பிப்ரவரி 28, வெள்ளி

இன்று நடந்ததை உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

காலை பத்து மணி. ஹோஸ் இழுத்துக்கொண்டிருந்தோம். காற்று லேசாகத் திரும்பிப் புகை எங்கள் பக்கம் வந்தது. அன்றைக்கு ஓடப் பார்த்த அதே பையன், சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து, கருகிய இடத்துக்குள் காலை வைத்தான். தரை உடைந்து வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது.

கம்புட்டில் தீ மேலிருந்து கீழே தின்றுகொண்டு போகும். மேலே மெல்லிசாகச் சாம்பல் ஓடு நிற்கும், பார்த்தால் அணைந்த இடம் போலத்தான் இருக்கும். உள்ளே வெறும் குழி, அதன் சுவரெல்லாம் தணல். சூடு 500 டிகிரியைத் தாண்டும். புல்தீயில் அடைக்கலமாக இருந்த கருப்பு இங்கே பொறி. இது எனக்குத் தெரியும். இரண்டு நாளுக்கு முன் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துக் கருப்புதான் உயிர் என்று சொன்னவன் நான். கம்புட்டில் அது தலைகீழ் என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும். புகையைக் கண்ட அவசரத்தில் சொல்லவில்லை.

இரண்டு பேர் கைகொடுத்து இழுத்தார்கள். வீங்குவதற்கு முன் பூட்ஸைக் கழற்றினோம். குடிதண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்து இருபது நிமிடம் காலில் ஓடவிட்டோம். யாரோ பற்பசை எடுத்துவர ஓடினார், தடுத்தேன். பற்பசை, கிச்சாப், எண்ணெய் எதையும் தீப்புண்ணில் வைக்கக் கூடாது. சுத்தத் துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு அனுப்பினேன். கணுக்காலுக்கு மேல் சுற்றிலும் கொப்புளம். கால் பிழைக்கும் என்றார்கள்.

இரவு அவனைப் போய்ப் பார்த்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு யார் ஹோஸ் பிடிப்பார்கள் என்று கேட்டான்.

மார்ச் 1, சனி

பெரட்டில் முதல் வேலையாக எல்லோர் முன்னாலும் நேற்றைய தப்பைச் சொன்னேன். தரையில் இரண்டு வட்டம் போட்டேன். களிமண்ணில் புல் எரிந்தால் கருப்புக்குள் போ. கம்புட்டில் புகைந்தால் கருப்பைத் தொடாதே, எரியாத பச்சைத் தரையில் நின்று ஓரத்திலிருந்து உள்நோக்கி வேலை செய். ஒவ்வொருவராகத் திருப்பிச் சொல்லவைத்தேன். புகையும் இடத்தைச் சுற்றி, ஓரத்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சிவப்பு நாடா கட்டினோம். நாடாவுக்குள் போகிறவன் நீளக் கம்பால் தரையைக் குத்திப் பார்த்து, பலகை போட்டு, அதன் மேல்தான் போக வேண்டும். தப்பிக்கும் வழி கால்வாய்க்கரை, போய் நிற்கும் இடம் செம்மண் சாலை.

மண் அள்ளும் இயந்திரமான பெக்கோ வந்து கால்வாயில் மண்மூட்டைத் தடுப்பு மூன்று போட்டது. தண்ணீர் ஏறினால் தீக்குக் கீழ்வாசல் அடைபடும். மேலிருந்து ஹோஸ் அடிப்பது முக்கால்வாசி வீண். காய்ந்த கம்புட் தண்ணீரை உள்ளே விடாது, ஓடி வழிந்துவிடும். துளையிட்ட இரும்புக் குழாயைத் தரைக்குள் செருகித் தண்ணீர் விட வேண்டும். கஞ்சிபோலக் குழையும்வரை விட்டு, கிளறி, மறுபடி விட வேண்டும். ஒரு மேசை அளவு இடத்துக்கு அரை மணி நேரம் ஆகிறது.

மார்ச் 2, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. குழுவில் பதினொரு பேர் முஸ்லிம்கள், ஒருவன் மருத்துவமனையில். தண்ணீர் குடிக்காமல் இந்த வெக்கையில் ஹோஸ் இழுத்தால் மயக்கத்தில் எங்கே விழுவார்கள் என்று சொல்ல முடியாது. இரவு வேலை வைக்கலாம் என்றார் மேனேஜர். முடியாது என்றேன். இருட்டில் சாயும் மரம் தெரியாது, காற்றில்லாத இரவில் புகையும் தரையோடு படுத்துவிடும்.

கடைசியில் வழி சொன்னவர் லொம்போக்கின் மூத்தவர். நோன்பிருப்பவர்கள் சாலையில் நின்று பம்பையும் காவலையும் பார்த்துக்கொள்ளட்டும், முடியாத நாளில் நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார். மற்ற தோட்டத்திலிருந்து தமிழர்கள் நான்கு பேரைக் கேட்டு வாங்கினேன்.

மார்ச் 5, புதன்

மண்டோர் அண்ணனுக்குக் காலையிலிருந்து தலைவலி, பிறகு குமட்டல். "ஒண்ணுமில்லை தம்பி, வெயில்" என்றார். உட்காரவைத்து, காற்றோட்டமான இடத்துக்கு அனுப்பினேன். புகைந்து எரியும் தீ கார்பன் மோனாக்சைடை நிறைய விடும். அதற்கு வாசனை கிடையாது. என்95 முகக்கவசம் தூளைத்தான் பிடிக்கும், அந்த வாயுவைப் பிடிக்காது. மருந்து என்றால் ஆள் மாற்றுவதுதான். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் ஊதி மாற்றுகிறோம்.

2005 ஆகஸ்டில் நான் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கேயும் கோலா சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி அவசரநிலை போட்டார்கள். 300க்கு மேலே போனாலே அபாயம். அது சுமத்ராவின் புகை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மூட்டை இறக்கினோம். அது போதாது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மதியம் மூன்று மணிக்குக் காவலில் நின்றவர் நீளமாக விசில் அடித்தார். எல்லோரும் ஹோஸைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினோம். கம்புட்டில் செம்பனை எப்போதுமே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும், ஆகவே சாய்வைப் பார்த்துப் பயனில்லை. உச்சி மட்டை காற்றே இல்லாமல் நடுங்குகிறதா என்று பாருங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். அதைத்தான் பார்த்திருக்கிறார். ஒரு நிமிடம் கழித்து மரம் விழுந்தது. வேரெல்லாம் கரி. பெரிய சத்தம்கூட இல்லை, படுக்கையில் சரிவதுபோலச் சரிந்தது. குழாய் செருகியிருந்த இடத்தின் மேலேயே விழுந்தது.

எண் சொன்னோம். பதினாறாவது எண் இருமல் வந்து தாமதித்ததில் எனக்கு உயிரே போய்விட்டது.

மார்ச் 8, சனி

இரவு நல்ல மழை. ஊரே சந்தோஷப்பட்டது. முடிந்தது, பம்பை எடுத்துவிடலாமா என்று ஆபீசில் கேட்டார்கள். ஒருநாள் மழை ஒரு சாண் ஆழம்கூட இறங்காது. எடுக்கவில்லை.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகக் கண்ணுக்குப் புகை இல்லை. கால்வாய் அளவுகோலில் தண்ணீர் அறுபது சென்டிமீட்டர் ஆழம்வரை ஏறியிருக்கிறது.

பையன் கட்டுப் போட்ட காலோடு வந்து, சாலையில் நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. விசிலை அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன்.

நானும் மண்டோர் அண்ணனும் பலகை போட்டுப் போட்டு உள்ளே போனோம். இரும்புக் கம்பியை ஒவ்வொரு அடியிலும் செருகி, ஒரு நிமிடம் விட்டு உருவி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட இடம், எல்லாம் குளிர்ச்சி. கடைசி வரிசையில் பழைய மரக்கட்டை ஒன்றின் அடியில் செருகினோம். அண்ணன் கம்பியை உருவி என்னிடம் நீட்டினார்.

கிட்டே கொண்டுபோவதற்கு முன்பே அனல் தெரிந்தது. பம்பை இறக்கச் சொல்லிக் கை காட்டினேன்.